ஆய்வு உதவியாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்திருக்கிறது. போகலாமா?

கல்மடுப்பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் தருமபுரம். விலங்கியல் சிறப்புப் பட்டம் முடித்து ஏழு மாதம் ஆகிறது. ஒரு மருத்துவபீட ஆய்வுகூடத்தில் எலிக்காய்ச்சல் பற்றிய திட்டத்துக்கு ஆய்வு உதவியாளர் தேவை என்று அறிவித்தல் பார்த்து விண்ணப்பித்தேன். வருகிற வியாழக்கிழமை நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து வயல்காரரிடம் இரத்தம் சேகரித்து ஆய்வுகூடத்தில் சோதிக்கிற வேலை. ஒப்பந்தம் 18 மாதம்.

எனக்கு இந்த வேலையில் ஆசை வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அப்பா கல்மடுக்குளத்துக்குக் கீழே வயல் செய்கிறார். 2024 டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் காய்ச்சல் வந்து சில நாட்களிலேயே ஆட்கள் இறந்தார்களே, பிறகு அது எலிக்காய்ச்சல் என்று உறுதியானதே, அந்தக் கிழமைகளில்தான் அப்பாவுக்கும் காய்ச்சல் வந்தது. கெண்டைக்கால் நோகிறது என்று இரவெல்லாம் முனகினார். கண் இரண்டும் சிவந்திருந்தன. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்து ஊசி போட்டார்கள், சுகமாகி வந்துவிட்டார். ஆனால் அது எலிக்காய்ச்சல்தானா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. இரத்தம் எடுத்தார்கள், அது எங்கேயோ போனது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இப்போது வீட்டில் ஒரே பேச்சு. அரசாங்கப் பட்டதாரி நியமனம் வரும், பொறுத்திரு என்கிறார் அப்பா. 18 மாதம் முடிந்த பிறகு என்ன செய்யப் போகிறாய் என்று மாமா கேட்கிறார். அம்மாவுக்குக் கிருமியோடு வேலை என்றால் பயம்.

எனக்கு இருக்கிற பயம் வேறு. துளியளவு திரவத்தை அளந்து எடுக்கிற பிப்பெற், பல்கலைக்கழகத்தில் நாலு பேருக்கு ஒன்று. நான் அதைக் கையில் பிடித்தது மொத்தம் ஐந்தாறு தரம்தான் இருக்கும். மரபணுத் துண்டைப் பெருக்கிக் கண்டுபிடிக்கிற பிசிஆர் செய்முறையை ஆசிரியர் செய்துகாட்டினார், நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். இதை வைத்துக்கொண்டு போய் நிற்கலாமா? உண்மையில் அங்கே காலையிலிருந்து மாலைவரை என்ன வேலை? இந்த வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வியாழக்கிழமை அவர்கள் என்னைக் கேட்பது ஒரு பக்கம், நான் அவர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரியவில்லை.


எம்எல்ரி வவுனியா எழுதியது:

தங்கச்சி, நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் பதினொரு வருடமாக இருக்கிறேன். பல்கலைக்கழக ஆய்வு பற்றி எனக்கு அதிகம் தெரியாது, ஆனால் இரத்தம் பற்றித் தெரியும்.

முதலில், இரத்தத்தால் தொற்றுகிற ஈரல் நோயான ஹெப்பற்றைற்றிஸ் பிக்குத் தடுப்பூசி. முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. மூன்றும் முடிந்த பிறகு உடம்பில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று ஒரு சோதனையும் செய்யலாம். வேலை தொடங்கிய பிறகு பார்ப்போம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, நீங்கள் இரத்தம் குத்தி எடுக்க வேண்டாம். அதற்குப் பயிற்சி பெற்ற தாதியோ எங்களைப் போன்ற ஆட்களோ குழுவில் இருக்க வேண்டும். ஆள் வரவில்லை, நீயே எடு என்று ஒருநாள் யாராவது சொல்வார்கள். மாட்டேன் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. எடுத்த இரத்தத்தை நிமிர்த்தி வைத்து அரை மணிநேரம் உறைய விட்ட பிறகுதான், சீரத்தைப் பிரிக்க சென்ரிஃபியூஜ் என்கிற சுழற்றும் இயந்திரத்தில் சுற்ற வேண்டும். குன்று குழி ரோட்டில் ஓட்டோவில் குலுக்கிக்கொண்டு வந்தால் இரத்தச் செங்கலங்கள் உடைந்து, மேலே தெளிந்து நிற்கிற சீரம் றோஸ் நிறமாகிவிடும். நிறைய ஆய்வு மாதிரிகள் ஆய்வுகூடத்துக்கு வரும் முன்பே வீதியில் பழுதாகிப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு சின்ன சென்ரிஃபியூஜைக் கிராமத்துக்கே கொண்டுபோய், அங்கேயே சீரத்தைப் பிரித்து ஐஸில் வைத்துக் கொண்டுவர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். இதைக் கேட்டாலே உங்களுக்கு வேலை விளங்குகிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.


முள்ளியவளை எழுதியது:

தங்கச்சி, உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். நான் 2021 முதல் 2024 வரை மூன்று வருடம் இந்த வேலைதான் செய்தேன். முதல் திட்டம் சிறுநீரக நோய். இரண்டாவது, மணல் ஈ கடித்து வருகிற தோல் புண். போங்கள் என்றுதான் சொல்வேன். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிப்பெற் பயத்தை இன்றைக்கே விடுங்கள். அது இரண்டு கிழமையில் கைக்கு வரும். சேர்ந்த முதல் நாளே தண்ணீரை எடுத்து நுண்தராசில் நிறுத்துப் பழகுங்கள். 100 மைக்ரோலீற்றர் தண்ணீர் 100 மில்லிகிராம் நிற்க வேண்டும். பத்துத் தரம் எடுத்தால் பத்துத் தரமும் கிட்டத்தட்ட அதே நிறை வர வேண்டும். வரவில்லை என்றால் ஒன்றில் உங்கள் கட்டைவிரல் அவசரப்படுகிறது, இல்லையென்றால் அந்தப் பிப்பெற் பிழை. இரண்டையும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

பிசிஆரும் அப்படித்தான். செய்முறை தாளில் இருக்கிறது, வாசித்துச் செய்யலாம். கஷ்டம் வேறு இடத்தில் வரும். ஒவ்வொரு முறையும் மாதிரி எதுவும் போடாமல் தண்ணீர் மட்டும் விட்ட குழாய் ஒன்றை வைப்போம். அதில் எதுவும் தெரியக் கூடாது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எனக்கு அந்தத் தண்ணீர்க் குழாய்க்கும் ஜெல்லில் கோடு விழுந்தது, தேடுகிற மரபணு இருந்தால்தான் அந்தக் கோடு வரும். அப்படியென்றால் எங்கேயோ கலந்துவிட்டது, அதுவரை வந்த முடிவுகளையும் நம்ப முடியாது. ஆறு கிழமை வேலையைத் திரும்பச் செய்தேன். கலவை தயாரிக்கிற இடத்தையும் ஜெல் ஓட்டுகிற இடத்தையும் வேறு அறைகளாக்கி, மேசையைக் குளோரின் போட்டுத் துடைத்து, ஒவ்வொரு போத்தலாக மாற்றிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். நான் அந்தக் கோட்டைப் பார்த்த உடனேயே போய்ச் சொன்னேன். அதை மட்டும் நான் சரியாகச் செய்தேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

நாள் எப்படிப் போகும் என்று கேட்டீர்கள். கிராமத்துக்குப் போகிற நாளில் விடிய நாலரைக்கு எழும்ப வேண்டும். வயல்காரர் வேலைக்கு இறங்கும் முன்பு சனசமூக நிலையத்தில் நிற்க வேண்டும். முதல்நாளே கிராம சேவகருக்கும் கமக்காரர் அமைப்புத் தலைவருக்கும் சொல்லி வைத்திருக்க வேண்டும். றிஜிபோம் பெட்டி, ஐஸ், கையுறை, பாவித்த ஊசியைப் போடுகிற மஞ்சள் பெட்டி, படிவங்கள், பேனை, தண்ணீர்ப் போத்தல். பத்து மணிக்கெல்லாம் முடித்துக்கொண்டு திரும்பி, சீரம் பிரித்து, சின்னக் குழாய்களில் பங்கிட்டு, மறை 80 பாகையில் அடுக்கி, எந்தத் தட்டில் எந்தப் பெட்டியில் எந்தக் குழி என்று எழுதி முடிக்க இருட்டிவிடும். கிராமத்துக்குப் போகாத நாட்களில் சோதனை, பதிவு, கழுவுதல், பொருள் கொள்வனவுக்குக் கடிதம். கடிதம் எழுதுவதுதான் கூட நேரம் எடுக்கும்.

குழாயில் எழுதுகிற பேனை விஷயத்தைக் கவனியுங்கள். கடையில் விற்கிற சாதாரண மார்க்கர் மதுசாரம் பட்டால் அழியும். எங்கள் முதல் மாதத்தில் நாலு குழாய்களின் இலக்கம் அப்படி அழிந்து போனது. எது யாருடையது என்று தெரியாததால் நாலையும் எறிந்தோம். அதில் ஒன்று ஒட்டுசுட்டானில் ஒரு ஐயா தந்தது என்று எனக்கு நிச்சயம் தெரியும். அவருடைய இடக்கையில் போர்க்காலத்தில் செல் துண்டு பட்ட தழும்பு, நரம்பு பிடிக்க முடியவில்லை. "வலக்கையில எடு பிள்ளை, அது நல்ல கை" என்று நீட்டினார். சைக்கிளில் வந்திருந்தார். அந்த ஒரு குழாய்க்காக நான் அன்றைக்கு அழுதேன்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்றதே, அப்போது ஜெனரேற்றருக்கு டீசலும் இல்லை. டீப் ஃபிறீசர் நிரம்பியிருந்தால் குளிரைக் கூடுதல் நேரம் பிடித்து வைத்திருக்கும் என்று, வெறுமையான தட்டுகளில் எல்லாம் உறைந்த தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கினோம். கதவில் "திறக்க வேண்டாம்" என்று ஒட்டிவிட்டு ஒவ்வொரு மணிநேரமும் வெளியே காட்டுகிற பாகையைக் குறித்தேன். உள்ளே 400 பேருக்கு மேல் இருந்தார்கள். அப்படித்தான் எனக்குத் தோன்றியது, குழாய்கள் என்று தோன்றவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம். வன்னியில் இந்த வேலை செய்வதில் முதலும் முக்கியமும் சம்மதம் வாங்குகிற நேரம். பேராசிரியர் கொழும்பில் கூட்டத்தில் இருப்பார், அந்தப் படிவத்தை வாசித்துச் சொல்வது நீங்கள்தான். எங்கள் ஆட்கள் எத்தனை பட்டியல்களில் தங்கள் பெயரைக் கொடுத்தவர்கள். முகாமில் பதிவு, மீள்குடியேறும்போது பதிவு, வீட்டுத்திட்டத்துக்குப் பதிவு, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பதிவு. ஒரு அம்மா படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "பேரை எழுதினா அது எங்க போகும் பிள்ளை?" நான் அவருக்குப் படிவத்தை வாசிக்கவில்லை. பெயர் ஒரு தாளில் இருக்கும், இலக்கம் குழாயில் இருக்கும், இரண்டையும் இணைக்கிற தாள் பூட்டிய அலுமாரியில் இருக்கும், வேண்டாம் என்றால் இப்போதே எழும்பிப் போகலாம், நாளைக்கு மனம் மாறினாலும் சொல்லலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "அப்ப சரி, முடிவை எனக்குச் சொல்லுவியா?" என்றார். சொல்வோம் என்றேன். படிவத்திலும் அப்படித்தான் இருந்தது.

சொல்லவில்லை. அந்தச் சிறுநீரகத் திட்டத்தில் யாருக்கும் முடிவு போகவில்லை. பணம் முடிந்தது, வாகனம் இல்லை, பிறகு பார்ப்போம் என்று அப்படியே போய்விட்டது. 2023 வற்றாப்பளைப் பொங்கலன்று கோயில் வீதியில் அந்த அம்மா என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "நீ தானே பிள்ளை இரத்தம் எடுக்க வந்தனீ? எனக்கு என்ன இருந்தது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ஒன்றரை வருடம் அதை மனதில் வைத்திருந்திருக்கிறார். உங்களுக்குத் தெரியும்தானே, இந்தச் சிறுநீரக நோய் நீரிழிவும் பிறஷரும் இல்லாத ஆட்களுக்கும் வருகிறது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனித்தார்கள், வவுனியாப் பக்கமும் இருக்கிறது, காரணம் இன்னும் உறுதியாகவில்லை. தொடக்கத்தில் ஒரு அறிகுறியும் இராது. சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் கூடுகிற கிரியற்றினின் கூடியிருப்பது தெரிந்தால் அந்த ஆள் நேரத்தோடு கிளினிக் போகலாம். அவருடைய எண் எங்கள் கணினியில் இருந்தது, அவரிடம் இல்லை.

அடுத்த நாளே போய் மேற்பார்வையாளரிடம் சொன்னேன், அழுத்திச் சொன்னேன். அந்த ஒரு கிராமத்துக்காவது போக வாகனம் கிடைத்தது. ஒரு வைத்தியரையும் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொருவராகத் தனியே இருத்தி முடிவைச் சொன்னோம். மூன்று பேரை அன்றைக்கே கடிதம் கொடுத்துக் கிளினிக்குக்கு அனுப்பினோம். அந்த அம்மாவுக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருந்தார். அதையும் ஒன்றரை வருடம் முன்பே சொல்லியிருக்கலாம். இரண்டாவது திட்டத்தின் முன்மொழிவு எழுதும்போது, முடிவு கொடுக்கப் போகிற நாட்களுக்கு எரிபொருளும் அச்சுச் செலவும் என்று நான் ஒரு வரி சேர்த்தேன். நிதி தந்தவர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

சம்பளத்தைப் பற்றிச் சுருக்கமாக: ஆசிரிய நியமனத்தோடு ஒப்பிட வேண்டாம், ஒப்பந்த வேலையில் ஓய்வூதியம் கிடையாது, திட்டப் பணம் தாமதமாகி எனக்கு ஒருமுறை மூன்று மாதம் கொடுப்பனவு வரவில்லை. நியமனக் கடிதம் கையில் வராமல் வேலையைத் தொடங்க வேண்டாம். வியாழக்கிழமை இந்த வேலையை வைத்து எம்.பில் பதிவு செய்ய விடுவார்களா என்று கேளுங்கள், 18 மாதத்துக்குப் பிறகு என்ன என்று மாமா கேட்பதற்கு அதுதான் பதில். கட்டுரையில் உங்கள் பெயர் வருமா என்றும் கேளுங்கள். மாதிரி சேகரித்தது மட்டும் ஆசிரியர் பட்டியலில் வரப் போதாது, எழுத்திலும் பங்கு இருக்க வேண்டும். அதனால் செய்முறைப் பகுதியின் முதல் வரைவை நான் எழுதித் தருகிறேன் என்று நீங்களே சொல்லுங்கள். பிறகு, முடிவை ஆட்களுக்கு யார், எப்போது கொண்டுபோய்ச் சொல்வது என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்.

கிருமி பற்றி அம்மாவுக்கு: எங்கள் பக்கத்து மேசையில் எலிக்காய்ச்சல் வேலை நடந்தது. உயிருள்ள கிருமியைப் போத்தலில் வளர்த்து வைத்திருந்து, நோயாளியின் சீரத்தோடு கலந்து, கட்டி கட்டியாகச் சேர்கிறதா என்று இருண்ட பின்னணி நுணுக்குக்காட்டியில் பார்க்கிற சோதனை அது. ஒருநாள் எனக்கும் காட்டினார்கள். கறுப்பில் வெள்ளி நூல் மாதிரி, நுனி கொக்கியாக வளைந்து, சுழன்றுகொண்டே இருக்கும். அவ்வளவு அழகு. அந்தக் கிருமி காயத்தாலும் கண், வாய்ப் பக்கத்தாலும் உடம்புக்குள் போகும், ஆகவே கையுறையும் கண்ணாடியும் போட்டு, கையில் கீறல் இருந்தால் அன்றைக்கு அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் போதும். வெறுங்காலோடு வயலுக்குள் இறங்குகிற அப்பாவுக்குத்தான் ஆபத்துக் கூட என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.


முத்தையன்கட்டு எழுதியது:

நான் வேலை செய்தவன் இல்லை, இரத்தம் கொடுத்த பக்கம். எங்கள் ஊருக்கு மூன்று குழு வந்தது. ஒன்று கிணற்றுத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போனது. ஒன்றின் முடிவும் வரவில்லை. இனி வந்தால் கொடுப்பதில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். முள்ளியவளை அக்கா எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தப் பிள்ளை வந்தா குடுக்கலாம்" என்றார்.

தங்கச்சி, காலபோக நெற்செய்கை தொடங்கும்போது பிஎச்ஐ ஐயாமார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) எலிக்காய்ச்சல் வராமல் இருக்க டொக்சிசைக்கிளின் குளிசை தருவார்கள், வயலில் இறங்குகிற காலத்தில் கிழமைக்கு ஒரு தரம். அப்பாவுக்கு வாங்கிக் கொடுங்கள். எங்கள் பக்கம் பாதிப்பேர் வாங்கிக்கொண்டு போய்ப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். ஏன் குடிப்பதில்லை என்றும் யாராவது ஆய்வு செய்ய வேண்டும்.


கல்மடுப்பிள்ளை எழுதியது:

வியாழன் போய்வந்தேன். எல்லோருக்கும் நன்றி, உண்மையாகவே.

சென்ரிஃபியூஜ் கேள்வியைக் கேட்டதும் நேர்முகத் தேர்வு நடத்திய மேடம் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அது ஏற்கனவே வாங்கி வைத்திருக்கிறார்களாம். எம்.பில் பதிவுக்கு ஆறு மாதம் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னார். பெயர் விஷயத்தில் தெளிவான பதில் வரவில்லை. முடிவு கொடுப்பது பற்றிக் கேட்டபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அதற்கு நிதியில் இடம் வைக்கவில்லை, ஆனால் ஆட்களுக்கு முடிவைச் சொல்கிற சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்று நீ தமிழில் எழுதித் தா, நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பிப் பார்ப்போம் என்றார். ஒரு ஆளிடம் இரண்டு தரம் இரத்தம் எடுப்பார்களாம், இரண்டு கிழமை இடைவெளியில். அதனால் இரண்டாம் தரம் போகும்போது ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நான் சொன்னேன். தலையாட்டினார்.

வேலை கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் முதலாம் திகதி. முதல் தடுப்பூசி நேற்றுப் போட்டேன். அப்பா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பஸ் நேரம் விசாரித்துவிட்டு வந்தார்.

அக்கா, அந்தச் சீட்டை எப்படி எழுதுவது? நாலு தரம் எழுதினேன், நாலும் பாடப்புத்தகம் மாதிரி வருகிறது.


முள்ளியவளை எழுதியது:

நல்ல செய்தி தங்கச்சி. நான் உங்கள் அப்பாவை நினைத்துக்கொண்டு இதை எழுதினேன். மேடத்திடமும் ஒரு வைத்தியரிடமும் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும், ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்.

"ஐயா, உங்களிடம் எடுத்த இரத்தத்தைச் சோதித்துவிட்டோம். எலிக்காய்ச்சல் கிருமி உங்கள் உடம்புக்குள் வந்திருப்பதற்கு அடையாளம் அதில் இருக்கிறது. அது முன்பு எப்போதாவது வந்து போனதாகவும் இருக்கலாம். இப்போது உங்களுக்குக் காய்ச்சல் இல்லை என்றால் இதற்காக மருந்து குடிக்கத் தேவையில்லை, பயப்படவும் தேவையில்லை. ஆனால் இந்தக் கிருமியில் பல வகை இருப்பதால் திரும்பவும் வரலாம். வயல் வேலைக் காலத்தில் காய்ச்சலும் கால் நோவும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனவுடன், நான் வயலில் இறங்குகிறவன் என்று சொல்லுங்கள். இந்தச் சீட்டையும் காட்டுங்கள். நீங்கள் இரத்தம் தந்ததால்தான் உங்கள் ஊரில் இந்த நோய் எவ்வளவு இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிய வந்தது."

அடையாளம் இல்லாதவர்களுக்கு வேறு சீட்டு வேண்டும், அவர்களையும் விட்டுவிடாதீர்கள். கீழே ஒரு தொலைபேசி இலக்கம் போடுங்கள். அலுவலக இலக்கம் வேண்டாம், நாலு மணிக்குப் பிறகு அதை எடுக்க ஆள் இராது. வயலால் வந்து குளித்துவிட்டு ஆறு ஏழு மணிக்குத்தான் அவர்கள் எடுப்பார்கள். அதற்கென்று திட்டத்தில் ஒரு சிம் வாங்கித் தரச் சொல்லுங்கள்.